தூங்கிப் போய்ச் சேருங்கள்

ஜூன், ஜூலை வந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். "அக்கா, டில்லியில சீட் கெடச்சிருக்கு, எப்படிப் போறது?" "அக்கா, ஹைதராபாத்துல இன்டர்வியூ. ரிசர்வேஷன் கெடைக்கல. ஜெனரல்ல ஏறிப் போயிரட்டுமா?" கேட்பவர்கள் குன்னூர், கோத்தகிரி, பந்தலூர் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மாநிலம் தாண்டி ரயில் ஏறுவதும் பலருக்கு அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. கஷ்டப்பட்டுப் பயணம் செய்வதைப் பெருமையாகப் பேசுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கழிவறை ஓரத்தில் உட்கார்ந்து நாக்பூர் போய் வந்தோம் என்று மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்களிடம் அன்று காசில்லை, வேறு வழியும் இல்லை. அந்தப் பயணங்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதை ஒரு விரதம் மாதிரி நாமும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் முந்தின நாளே வந்து, குளித்து, தூங்கி எழுந்து வந்திருப்பார். நீங்கள் இரண்டு இரவு கண் மூடாமல், கால் வீங்கிப் போய் உட்கார்ந்தால் தெரிந்த பதிலும் வாயில் வராது. "அந்தப் பிள்ளைக்குப் பேச வரல" என்று எழுதிவிடுவார்கள். தூக்கம் கெட்டதை யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே நல்ல தூக்கத்தையும் தயாரிப்பில் ஒரு பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்ததே ஒரு ரயில் பயணத்தில்தான். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் மிகப் பலர் தலித் மக்கள். அவர்களைக் குடியமர்த்த 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இலிருந்து அது டான்டீ நிறுவனமாக நடக்கிறது.

என் அம்மாயியும் அப்படி வந்தவர்தான். மலையகத்தில் ஏறி தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், மறுபடி ரயில், அப்புறம் மலை. அவர் ரயிலைக் கடைசி வரைக்கும் 'கோச்சி' என்றுதான் சொன்னார். தான் ஏறி வந்ததை 'அழுகைக் கோச்சி' என்பார். "எந்த ஸ்டேஷன்ல எறக்குவாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. ட்ரங்குப் பெட்டி மேல உக்காந்துக்கிட்டே வந்தேன்" என்பார். பசியை விட, இடுப்பு வலியை விட, எங்கே போகிறோம் என்று தெரியாததுதான் அவருக்கு ஆறாத குறை.

அதனால் பயண வசதியில் முதலாவது, போகும் வழி தெரிந்திருப்பது. உங்கள் வண்டி நிற்கும் ஊர்களையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகலை வீட்டில் கொடுங்கள். "இப்ப நாக்பூர் தாண்டியிருப்பா" என்று அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். 'வேர் இஸ் மை ட்ரெய்ன்' செயலி இன்டர்நெட் இல்லாத இடத்திலும் வண்டி எங்கே போகிறது என்று காட்டும்.

டிக்கெட்

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. காலை 8 மணி. சேர்க்கைத் தேதி தெரிந்தவுடன் நாளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். விஜயதசமியை ஒட்டி நாக்பூர் தீட்சாபூமிக்கும், டிசம்பர் 6க்கு மும்பை தாதருக்கும் போகிறவர்கள் அந்த முதல் நாள் காலையிலேயே போட்டுவிட வேண்டும். லட்சக்கணக்கில் கூடுகிற நாட்கள் அவை.

அதை விட்டால் தட்கல். வண்டி கிளம்புகிற ஊரில் அது புறப்படும் தேதிக்கு முந்தின நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். அதை ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டி ஏற முடியாது. ஆர்.ஏ.சி. என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஏறலாம். சைடு லோயரில் பாதி இடம் உறுதி, யாராவது வராவிட்டால் முழு பெர்த்தும் கிடைக்கும்.

இப்போது பலருக்கும் தெரியாத ஒன்று. விடுமுறைக்கு ஊர் வந்து போகும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு ஸ்லீப்பரிலும் இரண்டாம் வகுப்பிலும் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. மற்ற மாணவர்களுக்கு 50 சதவீதம். 2020 மார்ச்சில் முதியோர் சலுகை உட்படப் பலவற்றை ரயில்வே நிறுத்தியது. மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. கல்லூரித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிவத்தோடு ரயில்வே கவுன்டரில்தான் எடுக்க வேண்டும். ஆன்லைனில் கிடையாது, தட்கலுக்கும் பொருந்தாது. வயது வரம்பு உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். "அதெல்லாம் நிறுத்திட்டாங்களே" என்று ஓர் அலுவலகத்தில் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். விதியை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் படிவம் வந்தது. ரயில்வே தேர்வு வாரியத் தேர்வு எழுதப் போகும் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இலவச ஸ்லீப்பர் பாஸ் உண்டு. விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்கும் கட்டத்தை நிரப்புங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. போராடி வாங்கிய உரிமை, எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை இறங்குவது

மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலை சென்னை சென்ட்ரல் சேர்க்கும். சென்னையோடு வேலை என்றால் அதைவிட நல்ல வண்டி இல்லை. டில்லி என்றால் யோசியுங்கள். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில்தான் கிளம்பும், நடுவில் ஒரு பகல் முழுவதையும் பெட்டியோடு சென்னையில் கழிக்க வேண்டும். கோவையில் ஏறினால் கேரளா எக்ஸ்பிரஸ் வண்டி மாற்றாமல் நேரே டில்லி போகும். இரண்டு இரவு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். கூடலூர், பந்தலூர் பிள்ளைகளுக்கு நாடுகாணி வழியாக நிலம்பூர் ரோடு ஸ்டேஷன் கிட்டம். அங்கிருந்து ஷொர்ணூர் போய் வண்டி பிடிக்கலாம்.

மலை ரயிலை நம்பி இணைப்பு வண்டிக்கு டிக்கெட் போடாதீர்கள். 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் வந்த அந்தப் பாதை 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பார்க்க அழகு. நம் அவசரத்துக்கு உதவாது. மழையில் மண் சரிந்தாலோ பாறை விழுந்தாலோ நாள்கணக்கில் ஓடாது. பஸ்ஸில் இறங்குங்கள். வடகிழக்குப் பருவமழையிலும் ஏப்ரல், மே சீசனிலும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். பர்லியார் வழி அடைத்தால் கோத்தகிரி வழி, கோத்தகிரி வழி அடைத்தால் பர்லியார் வழி. வளைவில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள், ஓர் எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

பெர்த்

தனியாகப் போகிறவர்களுக்கு அப்பர் பெர்த் நல்லது. நினைத்த நேரம் ஏறிப் படுக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள், பையும் தலைமாட்டில் இருக்கும். லோயர் பெர்த் பகலில் எல்லோருக்கும் உட்காரும் இடம். மிடில் பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விரித்துக்கொள்ள உரிமை உண்டு. லோயரில் இருப்பவர் பதினொரு மணிக்கும் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால், "டைம் ஆச்சுங்க, பெர்த்தைப் போடணும்" என்று சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். நேரத்தைச் சொன்னால் போதும். கேட்காவிட்டால் டிடிஇயைக் கூப்பிடுங்கள். நம் பிள்ளைகள் பலர் தங்கள் இடத்தைக் கேட்பதற்கே தயங்குகிறார்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர் போட்டிருக்கிறது. அது உங்கள் இடம்.

ஸ்லீப்பரில் போர்வை தர மாட்டார்கள். வீட்டுக் கம்பளி ஒன்று, விரிக்கப் பழைய சேலை ஒன்று, காதில் வைக்கப் பஞ்சு. டிசம்பர், ஜனவரியில் போபாலைத் தாண்டினால் ஜன்னல் இடுக்கில் வரும் காற்று நம் தை மாதக் குளிர் மாதிரியே இருக்கும்.

வெயில்

குளிர் நமக்குப் பழக்கம். வெயில் பழக்கமில்லை. மலைப் பிள்ளைகளுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். 2019 ஜூனில் வடக்கே சுற்றுலா போய்விட்டு ஆக்ராவிலிருந்து கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்த 68 பேர் குழு ஒன்றில், முதியவர்கள் 4 பேர் ஜான்சி அருகே வெப்பம் தாங்காமல் இறந்துபோனார்கள். அதே கேரளா எக்ஸ்பிரஸ். ஸ்லீப்பர் பெட்டி. ஏசியில் போயிருந்தால் அவர்கள் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். கையில் காசு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில் அன்று ஒரு கண்ணாடி ஜன்னல்தான் இருந்தது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை போகிறவர்கள் முடிந்தால் மூன்றடுக்கு ஏசி எடுங்கள். தோழர்களிடம் கேட்டாவது எடுங்கள். முடியாவிட்டால் பருத்தித் துண்டு இரண்டு, நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு. அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் மணிக்கொரு தடவை குடியுங்கள். கழிவறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரைக் குறைக்காதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். மயக்கமோ, தலைவலியோ, உடம்பு சுட்டும் வேர்க்காமலோ இருந்தால் உடனே 139க்குப் போன் செய்து அடுத்த ஸ்டேஷனுக்கு டாக்டரை வரச் சொல்லுங்கள். கேட்டால் வருவார்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல் நாளுக்குப் புளிசாதம். இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தி, தக்காளித் தொக்கு. அதற்கப்புறம் அவல், வேர்க்கடலை, வாழைப்பழம், நம் ஊர் வர்க்கி. வர்க்கி நாலு நாள் ஆனாலும் கெடாது. தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தேத்தண்ணியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், தேயிலை பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள் நீங்களே ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரயிலில் சாப்பாடும் தண்ணீரும் நமக்கு என்றும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 1901இல் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் சத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்க ரயில் ஏறினார். புதுச் சட்டை, புதுத் தொப்பி, கையில் டிக்கெட், பையில் சாப்பாடு எல்லாம் இருந்தன. மசூர் ஸ்டேஷனில் இறங்கி, நாங்கள் மகர் பிள்ளைகள் என்று சொன்னதும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியில் யாரும் தண்ணீர் கொடுக்காததால், கையில் இருந்த சாப்பாட்டைத் தின்ன முடியாமல் அன்றிரவு பட்டினி கிடந்தார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் அவரே எழுதியிருக்கிறார், படியுங்கள். நம் பக்கத்து ஸ்டேஷன் உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது 1941இல்தான் பெரியாரின் எதிர்ப்பால் ஒழிந்தது. இன்று பிளாட்பாரக் குழாயில் யாரையும் கேட்காமல் பாட்டிலை நிரப்புகிறோம். அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

கேள்விகள்

குழாயில் போன சாதி பேச்சில் இன்னும் இருக்கிறது. இரண்டு நாள் ஒரே பெட்டியில் போகும்போது கேள்வி வராமல் இருக்காது. வடக்கே "பூரா நாம் க்யா ஹை?" என்பார்கள். நம் ஊர்க்காரர்கள், "சொந்த ஊரு எது? ஊருக்குள்ள எங்க? குலதெய்வம் எது?" என்று சுற்றி வருவார்கள். என்ன தேடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். இரண்டு இரவு அதே ஆளுக்கு மேல் பெர்த்தில் தனியாகத் தூங்கப் போகிற பெண், சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்தால் அது கோழைத்தனம் ஆகாது. என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "நீலகிரிங்க. தேயிலைத் தோட்டம். நீங்க குடிக்கிற டீ எங்க அம்மா பறிச்சது." பாதிப் பேர் சிரித்துவிட்டுத் தேயிலை விலையைப் பற்றிக் கேட்பார்கள். மீதிப் பேருக்கு நான் புத்தகத்தைத் திறந்துகொள்வேன்.

சாதி சொல்லி ஏசினால் நேரம், பெட்டி எண், சீட் எண், அடுத்த ஸ்டேஷன் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்தவர் ஒருவரின் போன் எண்ணை வாங்குங்கள். 139க்கு அழையுங்கள், ரயில்மதத் செயலியிலும் பதியுங்கள். எஃப்.ஐ.ஆர். படிவம் டிடிஇயிடமே இருக்கும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஓடும் ரயிலிலும் செல்லும். எந்த மாநிலத்து ரயில்வே போலீஸிலும் புகார் கொடுக்கலாம். தனியாக நின்று கைகலப்புக்கு மட்டும் போகாதீர்கள். 2017 ஜூனில் டில்லியில் ஈத் துணி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய ஜுனைத் கான் என்ற சிறுவனை, சீட் தகராறில் தொடங்கி மதத்தைச் சொல்லி ஏசி, ஓடும் ரயிலிலேயே குத்திக் கொன்றார்கள். நீங்கள் உயிரோடு போய்ச் சேருவதுதான் முக்கியம். வழக்கை அப்புறம் எல்லோரும் சேர்ந்து நடத்தலாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவுப்படி, ஆண் துணையில்லாமல் போகும் பெண்ணை டிக்கெட் சிக்கல் என்று சொல்லி இரவில், ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. உதவி எண்ணும் 139, சட்டப் பிரிவும் 139. ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

கழிவறை

இப்போது பெட்டிகளில் இருப்பது பயோ டாய்லெட். முன்பு எல்லாம் தண்டவாளத்தில்தான் விழும். அதைக் கையால் அள்ளியவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலையைத் தடை செய்தது. ஆனால் நாப்கின், பாட்டில், பிளாஸ்டிக் கவர் போட்டு அடைத்தால் அதை எடுக்க இன்றும் ஒருவர் கையை விட வேண்டியிருக்கும். ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்க்கும் நம் வீட்டு அண்ணனாகவோ அக்காவாகவோதான் அவர் இருப்பார். நாப்கினைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். பெட்டி அழுக்காக இருந்தால் 139இல் சொல்லிச் சுத்தம் செய்யக் கேளுங்கள். வருபவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், பெயரைக் கேளுங்கள்.

கடைசியாக, சான்றிதழ். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டியில் இருக்கக் கூடாது. சின்னப் பையில் போட்டுத் தலைக்கடியில் வைத்துத் தூங்குங்கள். தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒரு சாதிச் சான்றிதழ் வாங்க எத்தனை தடவை தாலுகா ஆபீஸ் படி ஏறினோம் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். ஊரிலேயே ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் மெயிலிலும் போட்டுவிடுங்கள்.

எங்கள் படிப்பகத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம். கம்பளி இரண்டு, பெட்டியைக் கட்டச் சங்கிலி, பூட்டு, காற்றடைக்கும் தலையணை, பவர் பேங்க், ஒரு டார்ச். வெளியூர் போகிற பிள்ளை எடுத்துப் போய், லீவுக்கு வரும்போது துவைத்துத் திருப்பி வைக்க வேண்டும். கூடவே ஒரு நோட்டு. எந்த வண்டி, எந்த பெர்த், எங்கே நல்ல சாப்பாடு, எங்கே தொல்லை என்று போய் வந்தவர்கள் எழுதி வைக்கிறார்கள். போன வருடம் டில்லி போன தங்கச்சி எழுதியிருப்பது ஒரே வரி: "ரெண்டு ராத்திரியும் நல்லாத் தூங்குனேன்." உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு பெட்டி வையுங்கள். பழைய கம்பளி இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

ஜெய் பீம்.